பிரேக் பேடு படியும்வரை

எங்கள் கார் கீச்சிடத் தொடங்கியபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்திவந்தார்கள். பனியன் கட்டுகளை ஏற்றிப் போவதற்கும் என்னைப் பள்ளியில் விடுவதற்கும் இருந்தது அந்த ஒரு பழைய கார்தான். ஓட்டுவது அம்மா.

முன்பெல்லாம் அப்பாதான் ஓட்டுவார். ஒரு மழைநாளில் வளைவில் வண்டி வழுக்கி மதில்சுவரில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது. அப்பா மட்டும் அதன் பிறகு காரில் ஏறவே இல்லை. எங்கே போவதானாலும் பஸ்தான். அம்மா அவரை ஒன்றும் கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டார்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வந்த கீச்சுச் சத்தம், போகப்போகச் சும்மா உருளும்போதும் கேட்க ஆரம்பித்தது. ரோட்டுப் புழுதியாக இருக்கும் என்று அம்மா சக்கரங்களுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தார். அன்றைக்கு அடங்கிவிட்டு மறுநாள் மறுபடியும் கத்தியது. பள்ளி வாசலில் நாங்கள் போய் நிற்கும் முன்பே எல்லாரும் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். எனக்கு மானம் போகும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். எது சத்தம் போட்டாலும் அவரிடம் ஒரே மருந்துதான், தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். கதவுக் கீல், சைக்கிள் செயின், சீலிங் ஃபேன் என்று பலவற்றின் வாயையும் அதைக்கொண்டு அடைத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய்க் குப்பியோடு வந்து காரின் முன்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்தார். நான் டார்ச் பிடித்தேன்.

மாடிப்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, குப்பியின் மூக்கு சக்கரத்துக்குள் நுழைவதைக் கண்டிருக்க வேண்டும். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, அங்க எண்ணெய் பட்டா வண்டி நிக்காது. உங்கக்காவும் புள்ளையும் இதுலதான் போறாங்க.”

குப்பியை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார். ஒரு துளிதான் விடுவதாக இருந்தேன் என்று மாமா யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டார்.

சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு தெரிந்தது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவதுதான் பேடு என்று அப்பா காட்டினார். பிஸ்கட் தடிமன் இருக்க வேண்டியது அட்டைபோலத் தேய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் நாக்குபோல ஒரு சிறு தகடு தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“பேடு தேஞ்சா இந்தத் தகடு ஒரசும் கண்ணு. மாத்தச் சொல்லித்தான் கத்துது,” என்றார்.

அனுப்பர்பாளையத்தில் மதியம் வரைக்கும் ஒர்க்ஷாப் திறந்திருக்கும். சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் அம்மா சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டுக்கு வந்த மாமா பின்னால் வந்து என்னருகே ஏறிக்கொண்டார். முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விடு, இறக்கத்தில் இரண்டாவது கியரில் வா என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அப்பாவின் காலும் தரையை அழுத்தியது.

தட்டில் கோடு விழுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார் மெக்கானிக். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் புது பேடு போட்டார். புதிது தட்டில் படியும்வரை ஓங்கி மிதிக்காமல், விட்டுவிட்டு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அம்மா சாவியை அப்பாவிடம் நீட்டினார்.

“ஏனுங்க, எனக்குப் பழைய பிரேக்குதான் கால்ல பழகிக் கெடக்குது. புதுசு எப்படிப் புடிக்குதுன்னு நீங்களே ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க.”

அப்பா உடனே வாங்கவில்லை. அம்மாவும் கையை மடக்கவில்லை. மாமாவுக்குத் திடீரென்று பாத்திரக் கடையில் ஒரு வேலை ஞாபகம் வந்து, பஸ்ஸில் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அப்பா சீட்டைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் மெல்ல பிரேக் பிடித்தார். சத்தமே இல்லை. மறுபடியும் வேகம், மறுபடியும் பிரேக். வீட்டுக்குப் போகும் ரோடு வந்தபோது அம்மா, இன்னும் படியவில்லைபோல இருக்கிறது, நேரே போகலாம் என்றார். அவிநாசி வரை போய்விட்டோம். எனக்குப் பசி. ஊட்டுக்குப் போலாம்மா என்று சிணுங்கினேன்.

“பேடு படியோணுமல்ல கண்ணு,” என்றார் அம்மா.

திரும்பி வரும்போது அப்பா ஒரு பஸ்ஸை முந்தினார். அவருடைய முழங்கை ஜன்னல்மேல் வந்து சாய்ந்துகொண்டது. அம்மா கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

பேடு மாற்றினால் அவிநாசி வரை போய்வர வேண்டும் என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சிநேகிதிகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீடு போய்ச் சேரும் தூரமே அதற்குப் போதும். அது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.