தி. நகர் மாடி அறைக்கு ஒரு தெர்மாமீட்டர் யாத்திரை

பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: சென்ற ஞாயிறு பகல் 12.10க்கு, லஸ் முனையில், என் சட்டைப் பையிலிருந்த சாக்லேட் உருகிக் காலமானது. இறுதிச் சடங்கை நாக்கே நடத்தியது.

கத்திரி வெயிலில் கிளம்பக் காரணம் அக்கா. அடுத்த மாதம் பிரசவம், அதற்கு எங்களிடம் வருகிறாள். அடையாறில் எங்கள் வாடகை வீடு சின்னது. கொடுப்பதென்றால் என் அறையைத்தான் கொடுக்க வேண்டும். பொங்கலிலிருந்து பூட்டிக் கிடக்கும் எங்கள் தி. நகர் மாடி அறை சரிப்பட்டால் நான் தப்பித்தேன். சூட்டை அளந்து வரச் சொல்லி, சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை அப்பா என் கையில் கொடுத்தார்.

சாவி மயிலாப்பூரில், அக்காவின் மாமியார் வீட்டில் இருந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்து அங்கே அக்கா சிரித்தாள். "டேய், அதே ரூம்லதான் மே மாசம் முழுக்க என்ட்ரன்ஸுக்குப் படிச்சேன். ஒரு ஃபேன் போதும்டா."

அங்கிருந்து தி. நகருக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 140 ரூபாய்.

"இன்னா நைனா, தெர்மாமீட்டர தூக்கிக்கினு போற? யாருக்கு ஜொரம்?" என்றார் ஓட்டுநர்.

"ஊருக்குண்ணே."

"அது இன்னைக்கா வந்துச்சு? வருசா வருசம் ஏறிக்கினே கீது."

பெயரில்தான் நகர், தெருவில் எதுவும் நகரவில்லை. காக்கைகூட இல்லை. துணிக்கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகள் மட்டும் என்னையே பார்த்தன.

மூன்று மாடி ஏறினேன். பூட்டைக் கைக்குட்டையால்தான் பிடிக்க முடிந்தது. உள்ளே இருட்டு. ஜன்னலோர மெழுகுவர்த்தி, யாரும் ஏற்றாமலே, வாசலைப் பார்த்துக் குனிந்திருந்தது. சுவரில் கை வைத்தேன்; காய்ச்சல்காரன் நெற்றி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தொட்டேன். யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி சுட்டது.

ஜன்னல் டக், டக் என்று தட்டியது. வெளியே, புதிதாக முளைத்த பக்கத்துக் கட்டடத்தின் ஆறு ஏசிகள் இந்த அறைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பேய்ப் படத்தைத் தனியாகப் பார்ப்பவன் நான். பத்து நிமிடம் அசையாமல் நின்று அளந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வானிலைத் துறையின் பழைய கோடைக் கணக்குகளை போனில் புரட்டினேன். ஒரு வருடம் இறங்குகிறது, இரண்டு வருடம் ஏறுகிறது; மொத்தத்தில் மேலேதான். நம் ஊர் மட்டுமல்ல, கரையோரம் முழுக்க. அக்கா படித்த அறை அங்கேயே இருக்கிறது. அவள் படித்த மே மாதம்தான் இல்லை.

இப்படி வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில் போய் ஏமாறாதீர்கள், பகல் இரண்டு மணிக்குப் போங்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் அவசியம். மேலே வெறும் கூரையா, ஜன்னல் எதிரே என்ன என்று பாருங்கள்.

அப்புறம், அந்தப் 'பத்து நிமிடத்தை' அடித்துவிடுங்கள். ஜன்னல் இரண்டாவது முறை தட்டியபோதே நான் தெருவில் இருந்தேன். தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லை. 'சூப்பர் ரூம்' என்று புளுகத்தான் அக்காவுக்கு போன் போட்டேன். வாயில் வந்தது உண்மை.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உன்னாலயே ஒரு நிமிஷம் நிக்க முடியல. கொழந்த எப்பிடிடா படுக்கும்?"

இதை ஹாலில் பாய் விரித்து எழுதுகிறேன்.