நிலக்கடலை வடிவில் ஒரு நடைபாதை

குரோம்பேட்டையில் ஒரு சின்னக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் காலனியில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த ஆள் எதையும் ஓசியில் வரைந்து கொடுப்பான். மாடியில் இன்னொரு ரூம் எடுக்க நினைப்பவர்கள், படிக்கட்டு வாஸ்துப்படி இல்லையென்று தூக்கம் தொலைத்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் காலிங் பெல்லைத்தான் அழுத்துவார்கள். "உங்களுக்கு என்ன சார், ரெண்டு கிளிக்" என்பார்கள். அந்த ரெண்டு கிளிக்கில்தான் என் கண்ணாடி பவர் இரண்டு முறை ஏறியது.

பூங்காவும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. மாடம்பாக்கம் பக்கம் மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் எங்கள் காலனி நடுவில் சும்மா கிடந்தது. முள்செடி, உடைந்த சோபா, வாசலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் ஒரு தண்ணீர்க் குழாய். இதை நிஜப் பூங்காவாக மாற்றியே தீருவது என்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் முடிவெடுத்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. வெளிநாட்டில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே அவர் பார்த்ததெல்லாம் பூங்காக்கள்தான். மருமகள் வீட்டில் உட்கார விட்டால்தானே.

"தம்பி, நேர்கோடே இருக்கக் கூடாது. அங்கெல்லாம் பாதைன்னா அப்படியே வளைஞ்சு வளைஞ்சு போகும். ஒரு ஆர்கானிக் ஃபீல் வரணும்" என்றார். அந்தச் சொல் நாட்டுச் சர்க்கரைக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சங்கக் கூட்டத்தில் காலை நடைக்காரர்கள் எட்டு வடிவப் பாதைதான் வேண்டும் என்றார்கள். எட்டு போட்டு நடந்தால் முழங்கால் வலி, சர்க்கரை, மூச்சிரைப்பு எல்லாம் ஓடிப்போகும் என்று அவர்கள் செல்போனுக்குத் தினமும் செய்தி வந்துகொண்டிருந்தது. பொருளாளர் எழுந்து நின்றார். "எட்டு சனியோட நம்பர் சார். அதைக் கொண்டுபோய் காலனிக்கு நடுவுல போடறதா?" முழங்கால் பெரிதா சனி பெரிதா என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இரண்டு சுற்று டீ முடிந்தது. கடைசியில் நான்தான் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில், இடுப்பு ஒட்டாத எட்டு ஒன்றை வரைந்து காட்டினேன். நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்ளாவிட்டால் அது எட்டு ஆகாது என்று சனிக் கட்சி ஒப்புக்கொண்டது. பாதி எட்டாவது கிடைத்ததே என்று முழங்கால் கட்சியும் ஒப்புக்கொண்டது. "நிலக்கடலை மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். திட்டத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

அடுத்த நாள் டேப்போடு இடத்தை அளக்கப் போனேன். வாசல் மரத்தடியில் வழக்கம்போல மீன்கார அக்கா உட்கார்ந்திருந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறி வந்து, பல வருடமாக அங்கேதான் விற்கிறார். உட்கார நிழல், மீன் கழுவக் குழாய். இந்த இரண்டும் சேர்ந்து எங்கள் காலனியில் வேறு எங்கேயும் கிடையாது.

"இன்னா சார், அளந்துகினு கீற? பட்டா மாத்தப் போறியா?"

"பூங்கா வரப்போகுதுக்கா."

"வரட்டும் சார். நாலு பேரு வந்து போய்க்கினு இருந்தா நமக்கும் யாவாரம் ஆவும்."

டேப்பின் முனையைப் பிடிக்க எனக்கு ஆள் இல்லை. அந்த அக்காவே வாங்கி அரிவாள்மனையின் அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அவர் பிடிக்க நான் நடந்தேன். நான்கு பக்கமும் அப்படித்தான் அளந்து முடித்தோம்.

வளைவை நேரில் பார்ப்பவர்களுக்கு அது அழகு. கம்ப்யூட்டரில் வரைபவனுக்கு அது தலைவலி. பத்துப் பதினைந்து புள்ளிகளை வைத்தால் அவற்றின் வழியே மென்பொருள் தானாகவே ஒரு வளைகோட்டை இழுத்துவிடும். அதுவரை சரி. ஒரு புள்ளியை நகர்த்தினால் பக்கத்துப் புள்ளிகள் கோபித்துக்கொள்ளும். இந்த மூலையைச் சரிசெய்தால் அந்த மூலை துருத்திக்கொண்டு நிற்கும். ஆறடி அகலத்துக்காக உள்பக்கம் இன்னொரு கோடு போட்டால், வளைவு இறுக்கமாக உள்ள இடத்தில் அது தையல் மெஷின் நூல் மாதிரி தன்னைத்தானே சிக்கிக்கொள்ளும். அதெல்லாம் தீர்ந்தால் தரை. எங்கள் இடம் கால்வாய்ப் பக்கம் லேசாகச் சரியும். அந்தச் சரிவில் பாதையைப் படுக்கவைக்கச் சொன்னால், மென்பொருள் பாதியைப் புதைத்துவிட்டு மீதியை ஆகாயத்தில் நிறுத்தியது. மூன்று நாள் சாயங்காலம் என் கடலை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறி நடக்க ஏணி வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

வாசல் பக்கம் வந்தபோது மட்டும், யாரும் கேட்காமலேயே, மூன்று புள்ளிகளை உள்பக்கமாக இழுத்து வைத்தேன். பாதை மரத்தையும் குழாயையும் விட்டு ஒதுங்கிப் போனது. மீன்கார அக்காவின் இடம் அப்படியே தப்பித்தது. அன்றைக்கு என்னை நானே ரொம்ப நல்லவன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு படத்தில் ஆட்களை நிறுத்த வேண்டும். மென்பொருளோடு இலவசமாக வரும் மனிதர்கள் இருக்கிறார்கள். நாயோடு நடக்கும் வெள்ளைக்காரப் பெண், கோட்டுப் போட்ட ஆள், பலூன் பிடித்த குழந்தை. அந்தக் கூட்டத்தில் லுங்கி கட்டியவர் ஒருவர்கூடக் கிடையாது. இருந்தவர்களை அங்கங்கே நிறுத்தி, புல்லைக் கொஞ்சம் கூடுதல் பச்சையாக்கி, சங்கத்தில் காட்டினேன். "நம்ம ஏரியாவா இது!" என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நம் ஏரியா ஆள் யாருமே அதில் இல்லாததுதான் அவ்வளவு பிடித்திருந்தது.

செயலாளர் மட்டும் திரையை நெருங்கி வந்து வாசல் பக்கத்தில் விரல் வைத்தார்.

"எல்லாம் சூப்பர் தம்பி. இங்க மட்டும் கடலை சொத்தையா இருக்கே?"

"அங்க மீன்கார அக்கா உக்காருவாங்க சார். நிழலும் குழாயும் அங்கதான்."

"அவங்களை யாரும் போகச் சொல்லலையே தம்பி. அப்படிச் சொன்னா தப்பாயிடும். பாதை அந்தப் பக்கமா வருது, அவ்வளவுதான். வாக்கிங் போறவங்களுக்கு வாடை வேற. நீங்க லைனை ஸ்மூத் பண்ணிடுங்க. எல்லாமே ஸ்மூத்தா முடிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அக்காவுக்கு முதல் போணி செய்பவரே இவர்தான். நடுத்துண்டாகப் பார்த்துப் போடச் சொல்லி, செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, அரை மணி நேரம் அங்கேயே நிற்பார். அப்போதெல்லாம் வாடை அடித்ததாக அவர் முகத்தில் தெரிந்ததில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். முடியாது சார் என்றும் சொல்லியிருக்கலாம். ஓசியில் செய்கிறவனை யார் வேலையை விட்டுத் தூக்க முடியும்? நான் சொல்லவில்லை. காரணம் கேவலமானது. பூங்கா வாசலில் வைக்கப்போகும் கல்வெட்டில், "வடிவமைப்பு" என்று போட்டு என் பெயர் வரும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் இத்தனை வருடம் வரைந்ததில் ஒரு கழிவறைச் சுவரில்கூட என் பெயர் இல்லை.

மென்பொருளில் உண்மையிலேயே ஸ்மூத் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அந்த மூன்று புள்ளிகளையும் பிடித்து அதைத் தட்டினேன். சத்தியமாக ரெண்டே கிளிக்தான். கடலை கொழுகொழுவென்று முழுசாகிவிட்டது. குழாயை எடுத்துவிட்டு மரத்தடி நிழல் மொத்தத்தையும் பாதைக்குக் கொடுத்தாகிவிட்டது.

வேலை தொடங்கிய அன்று மேஸ்திரியிடம் பெரிய தாளில் பிரின்ட் கொடுத்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு என்று ஒரு பட்டியலே போட்டிருந்தேன். அவர் தாளைத் தலைகீழாக ஒருமுறையும் நேராக ஒருமுறையும் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சார், செடிக்குத் தண்ணி வுடற ஹோஸ் பைப்பு கீதா?" என்று கேட்டார்.

பைப்பைத் தரையில் போட்டார். காலால் இங்கே ஒரு தள்ளு, அங்கே ஒரு தள்ளு. தள்ளிப் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். அதன் ஓரமாகச் சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். "வளைவுன்னா இதான் சார்" என்றார். என் மூன்று வார வேலையை அந்த மனிதர் பத்து நிமிடத்தில், காலால், என்னுடையதைவிட நன்றாகவே செய்து முடித்தார். வாசல் பக்கத்தில் மட்டும் செயலாளர் கூடவே நின்று, படத்தில் உள்ளபடியே போடவைத்தார்.

மறுநாள் காலை கான்கிரீட் போட வேண்டும். அலுவலகம் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். மீன்கார அக்கா கூடையை இறக்கிவைத்து, இன்னும் கோணியை விலக்காமல், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சுண்ணாம்புக் கோடு கூடையின் பின்னால் போயிருந்தது. அதாவது கூடையே பாதையில்தான் இருந்தது.

"சார், நீதான் படம் போட்டேன்னு சொன்னாங்கோ."

"ஆமாக்கா."

"ஒரு நாலடி அந்தாண்ட நவுத்த முடியாதா சார்? கம்ப்யூட்டர்லதான கீது."

"இல்லக்கா. பிளான் அப்ரூவ் ஆயிடுச்சு. இனிமே மாத்த முடியாது. என் கையில ஒண்ணும் இல்ல."

எந்த ஆபீஸும் எதையும் அப்ரூவ் பண்ணவில்லை. பிளான் என் தோளில் தொங்கிய லேப்டாப்பில்தான் இருந்தது. ஹோஸ் பைப்பு கோட்டின் மேலேயே, என் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. தள்ளினால் நகர்ந்திருக்கும். மேஸ்திரிக்கு எந்தப் பக்கம் வளைந்தால் என்ன?

அக்கா வாயைத் திறந்தால் காலனியே கேட்கும். நன்றாகத் திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"சரி வுடு சார். நீ இன்னா பண்ணுவ, பாவம். பெரியவங்க சொன்னா நீ கேட்டுதான ஆவணும்."

கான்கிரீட் கலக்கும் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தார். "ஒரு கை புடி சார்" என்றார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். இருவருமாகத் தூக்கி அவர் தலையில் வைத்தோம். நல்ல கனம். அன்றைக்கு அதிலிருந்து இன்னும் ஒரு மீன்கூட விற்றிருக்கவில்லை.