தவமணி அக்காவும் எங்கள் தோட்டா மெசினும்

தவமணி அக்காவின் மகள் செல்வி போன் செய்தபோது நான் சிம்மக்கல் வீட்டு மாடியில் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாக. காப்பியக் குடிச்சுட்டுச் சாஞ்சவுக, எந்திரிக்கல" என்றாள். 'இன்னா லில்லாஹி' என்று வாய் தானாகச் சொன்னது. சட்டையை மாட்டிக்கொண்டு எழுமலைக்குப் பஸ் ஏறினேன். மெசினில் ஒரு தோட்டாக்கூடு அரைகுறையாக நிற்பது உசிலம்பட்டி தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நம் ரைபிள் கிளப்பில் தவமணி அக்காவை அறியாதவர் இல்லை. எழுமலையில் எண்ணெய்ச் செக்கு நடத்தியவர். பறக்கும் களிமண் தட்டைச் சுடுவதில் நம்மில் பாதிப் பேரை மண்ணைக் கவ்வ வைத்தவர். பெயின்ட் கடைக்காரனான எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தவை, உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியும், கடைத் தோட்டாவின் விலையைக் கேட்டால் வருகிற எரிச்சலும்தான். முறைப்படி அனுமதி வாங்கி, சுட்ட கூடுகளில் திரும்ப வெடிமருந்து அடைக்கும் கைமெசின் ஒன்றைக் கூட்டாக வாங்கி அக்கா வீட்டில் வைத்தோம். பொறி கிளப்பும் கேப்பு, மருந்து, அதன்மேல் அடைப்பு, ஈயக்குண்டு என்று ஒவ்வொன்றாக இட்டு, கடைசியில் கூட்டின் வாயை மடித்து மூட வேண்டும்.

வாங்கிய புதிதில் ஒருநாள் கைப்பிடி இறுகிப்போய் இறங்கவே மாட்டேன் என்றது. எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். சுத்தியலைத் தூக்கிவிட்டேன். "அதக் கீழ வைங்க பாய்" என்றார் அக்கா. "போன மாசம் நல்லாத்தான ஓடுச்சு. நடுவுல யாரு கை பட்டுச்சுன்னு மொதல்ல பாப்போம்."

பட்டது அவருடைய கைதான். மெசினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன்; அவர் தன் செக்கு நல்லெண்ணெயையே தாராளமாக ஊற்றியிருந்தார். அது காய்ந்து பிசினாகிவிட்டது. "எஞ் செக்கு எண்ணெய இதுவரைக்கும் ஒருத்தரும் கொற சொன்னதில்ல. இந்த இரும்புக்கு இருக்குற கொழுப்பப் பாத்தீகளா" என்று சிரித்தார். என் கடைத் தின்னரால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் விட்டதும் கைப்பிடி இறங்கியது.

அலங்காநல்லூர்ப் பக்கம் நடந்த போட்டியைச் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அன்று நான்தான் முன்னால் இருந்தேன். இடையில் ஒரு தோட்டா வெடிக்காமல் 'புஸ்' என்றது. தட்டு தவறிய ஆத்திரத்தில் வெறுங்கூட்டை உருவி எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைப் போட்டேன். துப்பாக்கியை மூடப் போனபோது பின்னாலிருந்து, "பாய், மூடாதீக. தோட்டாவ உருவுங்க" என்று அக்கா கத்தினார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உருவிவிட்டுக் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. கேப்பின் வேகம் மட்டும் தள்ளிய அடைப்பு வெளியேறாமல் நடுவில் சிக்கியிருந்தது. அதன்மேல் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து என் கையோ கண்ணோ போயிருக்கும்.

அந்தக் கூட்டில் மருந்தே இருந்திருக்காது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "இத அடைச்ச அன்னைக்குப் பத்திரிக வைக்க வந்தாக பாய். தட்டோட நிக்கிறாகளேன்னு அப்படியே எந்திரிச்சுப் போனேன்" என்றார். கல்யாணப் பத்திரிகைத் தட்டை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்காவிட்டால் அந்தப் பேச்சு பேரன் கல்யாணம் வரைக்கும் ஓடும். வாங்கி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு வந்தவர், மருந்து போட்டாயிற்று என்ற நினைப்பில் அடைப்பை வைத்து அழுத்தியிருக்கிறார்.

அத்தோடு போட்டியிலிருந்து விலகினோம். மீதித் தோட்டா அத்தனையையும் அக்கா பிரித்துப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. "ஒண்ணுலதானக்கா தப்பு" என்றேன். "இன்னொண்ணு இல்லைன்னு நீங்க சத்தியம் பண்ணுவீகளா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே சட்டம்: "கை வெலகுனா கவுத்துரு." யார் வந்தாலும் எழுந்து போவார், இரண்டு கையாலும் தட்டை வாங்குவார், நிதானமாகப் பேசுவார். திரும்பியதும் மெசினில் நிற்கும் கூட்டை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார். "போட்டத நான் பாத்தேன்க்கா" என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். "ஒங்க கண்ணு பாத்துச்சு, சரி. எங் கையும் ஒருக்காப் பாத்துக்கிறட்டும்" என்றார்.

மூட்டுவலி வந்த பிறகு உட்கார முடியாமல் மெசினை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், "கவுத்தீகளா?" என்றுதான் கேட்பார். சில நாள் எரிச்சல் வரும். இப்போது அந்தக் கேள்விக்காக ஏங்குகிறேன்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பி மாடிக்குப் போனேன். கூடு நான் விட்ட இடத்திலேயே நின்றது. செல்வியின் போன் வருவதற்குச் சற்று முன்புதான் மருந்து போட்டேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது. அக்கா உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு நான் கடைசியாகச் செய்த வேலை அது. கலைக்க மனம் வரவில்லை. மேலே அடைப்பை வைத்து மூடி, அவர் நினைவாக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

மெசினில் பாதி அவருடையது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது இல்லை. கூட்டை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன்.

ஒரு பொட்டு மருந்துகூட விழவில்லை.