ரிங்டோனாகிப்போன பாட்டு

எனக்கு உயிரான இசைக்குழு, ஊர் ஊராகப் போகும் தன் கச்சேரிகளுக்குப் போஸ்டர் வரையச் சொல்லி என்னைக் கேட்டது. பூரிப்பில், குழு மேனேஜரின் எண்ணுக்கு அவர்கள் பாட்டையே ரிங்டோனாக வைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

போஸ்டரில் எங்கள் தருமபுரிப் பக்கத்துத் தீர்த்தமலையை வரைந்திருந்தேன். பாட்டு ஒலிக்கும். "மலைய கொஞ்சம் சின்னதாக்குங்க" என்பார் மேனேஜர். மறுபடி ஒலிக்கும். "பழையபடி பெருசாவே இருக்கட்டுங்க." பிடித்த குழுவாயிற்றே, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சோற்றில் கை வைத்தால் பாட்டு.

"எடுங்க, உங்காளுங்கதான்" என்பாள் மனைவி. கையைக் கழுவிவிட்டு எடுப்பேன்.

தருமபுரியிலும் கச்சேரி நடந்தது. அந்தப் பாட்டு தொடங்கியதும் மைதானமே எழுந்து ஆடியது. என் கை மட்டும் சட்டைப்பையில் போனைத் தேடியது.

ரிங்டோனை அன்றே மாற்றிவிட்டேன். அந்தப் பாட்டை மறுபடி பாட்டாகக் கேட்கத்தான் இன்னும் முடியவில்லை.