அறுந்த வாரும் மாக்ஸின் ட்ரூரியும்

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஸ்டுடியோவில் வெர்னா டோலிவர் முப்பத்தோரு வருடம் கன்டினியுட்டி பார்த்தாள்; ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் எதுவும் மாறிவிடாமல் கவனிக்கும் வேலை. நடிகர் எந்தக் கையில் சிகரெட் பிடித்தார், கிளாஸில் மது எவ்வளவு மிச்சம், சுவர்க் கடிகாரம் என்ன மணி காட்டியது, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். அப்படிப்பட்டவள் வேலை பார்த்த பிரபலமான திகில் படம் ஒன்றில் பதினேழு தவறுகள் என்று ரசிகர்கள் பட்டியல் போட்டுச் சிரித்தார்கள்.

பதினாறைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மிச்சமிருந்த ஒன்று, கதாநாயகி மாடிப்படியில் உருளும் காட்சி. மேலே நிற்கும்போது காலணி வார் பூட்டியிருக்கும். உருளும்போது இடது வார் அறுந்து தொங்கும். கீழே கிடக்கும்போது மறுபடி பூட்டியிருக்கும்.

உருண்டது கதாநாயகி அல்ல, மாக்ஸின் ட்ரூரி என்ற டூப். 1956இல், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. ஷாட்டுக்கு முன்பே வார் அறுந்திருந்ததை வெர்னா பார்த்தாள், குறித்தாள், இயக்குநரிடம் சொன்னாள்.

"காலை யாரும்மா பாக்கப்போறா? ஒதுங்கு, சாப்பாட்டுக்குள்ள முடிக்கணும்."

மாக்ஸின் படியின் மேலிருந்து சிரித்தாள். "விடுடி வெர்னா! நான் என்ன டான்ஸா ஆடப்போறேன்? விழத்தானே போறேன்!"

வெர்னா உட்கார்ந்துவிட்டாள். கேமரா ஓடத் தொடங்கியது; மாக்ஸின் தயாராவதற்குள் கால் வழுக்கியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து இறந்தாள். அதைப்போல நிஜமாக வேறெந்த விழுதலும் அமையவில்லை என்று அந்த ஷாட்டையே படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப்பின் படியில் யார் இறங்கினாலும் வெர்னாவின் கண் அவர்கள் கால்களுக்குத்தான் போகும். படம் டிவியில் வரும் நாட்களில் தன் பெட்டியை அணைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகப் படத்தின் இசை வரும். படிகளில் உடம்பு மோதும் சத்தம் ஏழு தடவை. ஏழாவது கேட்கும்வரை மூச்சு விடமாட்டாள்.

1983இல் ஒரு பழைய தியேட்டரில் அந்தப் படத்தைத் திரையிட்டபோது அவளையும் அழைத்தார்கள். படம் தொடங்குவதற்கு முன் ஒருவன் எழுந்தான்.

"அந்தச் செருப்பு வாரை எப்படிம்மா கோட்டை விட்டீங்க?"

கூட்டம் சிரித்தது.

"கோட்டை விடலை தம்பி. பாத்தேன். ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லல. விழுந்தவ பேரு மாக்ஸின் ட்ரூரி. அவ செத்துப்போயிட்டா."

விளக்குகள் அணைந்தன. எழுந்து போக நினைத்த வெர்னா உட்கார்ந்தே இருந்து, இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக அந்தக் காட்சியைப் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது மோதலில் பொய்முடி விலகி, கண் சிமிட்டும் நேரம் முகம் தெரிந்தது. இத்தனை காலமும் மாக்ஸின் சிரித்துக்கொண்டே விழுந்ததாகத்தான் அவள் நினைவில் இருந்தது. திரையில் சிரிப்பில்லை. வாய் திறந்து, யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

கேள்வி கேட்டவன் பின்வரிசையிலிருந்து குனிந்தான். "அம்மா, இப்ப தெரிஞ்சது நடிகையோட முகம் இல்லையே?"

"இல்லப்பா. மாக்ஸின்தான்."

அதிலிருந்து அந்தத் தியேட்டரில் படம் போடும்போதெல்லாம் முதலில் மாக்ஸினின் பெயரைச் சொன்னார்கள். மறு வருடமும் வெர்னாவுக்கு அழைப்பு வந்தது. அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க அவள் போகவில்லை.