இஞ்சி ஊற்றினால் எழுந்துவிடு

கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன் பையைத் திறந்து மூன்று ஒயின் பாட்டில்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினான். "அம்மா, கிறிஸ்துமஸுக்கு எதைத் திறக்கலாம், நீயே சொல்லு" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒன்றில் கோட்டைப் படம், ஒன்றில் குதிரை, ஒன்றில் வாயில் நுழையாத எழுத்து. "மீன் வறுத்தா வெள்ளை, கறி சமைச்சா சிவப்பு. அதுதாம்மா முறை" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தான். பிள்ளை ஆசையாக வாங்கி வந்திருக்கிறான், குறுக்கே பேசுவானேன் என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குத் தெரிந்த முறை வேறு. எங்கள் ராயபுரம் தெருவில் மீனையும் கறியையும் பார்த்து யாரும் ஒயின் தேர்ந்தெடுத்ததில்லை. வந்திருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம்.

என்ன உளறுகிறாள் கிழவி என்று நினைக்காதீர்கள். சொல்கிறேன்.

துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தெரு அது. கொடியில் வெள்ளைப் புடவை காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறப் புடவையாக எடுக்கலாம். அவ்வளவு கரித்தூள். டிசம்பர் பிறந்துவிட்டால் மட்டும் அந்தக் கரி வாசனை தோற்றுப்போகும். ஒரு வீட்டில் கலகலா பொரியும், ஒரு வீட்டில் கேக்குக்கு முந்திரி வறுபடும். எல்லா வீட்டு இருட்டு மூலையிலும் வாய்க்குத் துணி கட்டிய ஒரு பரணி இருக்கும். அதற்குள் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு பொங்கும். கூடவே ஒரு சட்டியில் இஞ்சி ஒயின். பேருக்குத்தான் ஒயின். கடையில் விற்கும் எசென்ஸ், கருக்கிய சர்க்கரை, நாலு காய்ந்த மிளகாய். தொண்டையை எரிக்குமே தவிர தலைக்கு ஏறாது.

இரண்டு ஒயினும் இருந்தால்தான் பண்டிகை நடக்கும். ஏனென்றால், கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரைதான் எங்கள் தெருவில் பெண் கேட்டு வருவார்கள். பெண் கேட்டு என்று வாயால் சொல்லக் கூடாது. "கேக்கு சாப்ட வந்தோம்" என்பார்கள். பண்டிகைக்கு வருகிறவர்களை யார் வேண்டாம் என்பது? உட்காருவார்கள், புயலைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசுவார்கள். பெண் தட்டில் கிளாஸ்களை எடுத்து வருவாள். திராட்சை ஒயின் வந்தால் சம்மதம். இஞ்சி வந்தால் இல்லை. இஞ்சியையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, பண்டிகை வாழ்த்து சொல்லி, எழுந்து போய்விடுவார்கள். மறுநாள் குழாயடியில் இரண்டு வீட்டாரும் சிரித்துப் பேசலாம். யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் யாரையும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கிளம்பும்போதே பையனிடம் சொல்லிவிடுவார்கள்: "இஞ்சி ஊத்துனா எழுந்துடு."

இந்த அழகான ஏற்பாட்டில்தான் சர்க்கார் மண்ணைப் போட்டது. நாடு விடுதலை பெற்ற மறு வருஷம் பட்டணத்துக்கும் மதுவிலக்கு வந்தது. கள்ளு ஊற்றி ஆப்பமாவு கரைத்தவர்கள் எல்லாம் விழித்தார்கள். என் அப்பா ரயில்வேயில் சரக்குக் கொட்டகை குமாஸ்தா. சர்க்கார் சம்பளம். அம்மா அன்றைக்கே பரணியைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்த வருஷம் தெரு முழுக்க இஞ்சிதான். பக்கத்துச் சந்தில் பிலோமினா என்று ஒரு பெண். அவளுக்கும் இஷ்டம், பையனுக்கும் இஷ்டம், இரண்டு வீட்டுக்கும் இஷ்டம். வேறு இல்லாததால் இஞ்சியை ஊற்றினார்கள். பையனின் தாத்தா பழைய மனுஷர், குடித்தார், எழுந்தார், போய்விட்டார். ஓடிப்போய் விளக்கம் சொல்ல ரோஷம் விடவில்லை. ஈஸ்டர் கழிந்ததும் அந்தப் பையனுக்குத் தண்டையார்பேட்டையில் வேறு இடத்தில் கல்யாணம். பிலோமினா கோயிலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் கதை இப்படி ஆகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்தச் சமயத்தில் எனக்கு என்று ஒரு கதையே கிடையாது என்பது வேறு விஷயம்.

கதை மறு வருஷம் வந்தது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். குடிப்பதற்குப் பர்மிட் வைத்திருந்த துரைமார்களுக்காக வந்த ஒயின் பெட்டி ஒன்று இறக்கும்போது சங்கிலி நழுவி மேடையில் விழுந்து நொறுங்கிப் போயிற்று. சரக்கு இறக்கும் விஞ்ச் ஓட்டிய ஆளை விசாரணைக்குக் கூட்டி வந்தார்கள். பெயர் சூசை, காசிமேட்டுக்காரர். அவர் சொல்வதை இங்கிலீஷில் டைப் அடிப்பது என் வேலை. மேனேஜர் மோப்பம் பிடித்துக்கொண்டு, "நீ குடித்தாயா, இல்லையா?" என்று கேட்டார். "சார், அத்தினியும் தரையில ஓடிச்சு. காலு நனைஞ்சது நெசம். நாக்கு நனையல" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. ஒரே தாளை மூன்று முறை அடிக்க வேண்டியதாயிற்று. மூன்று முறையும் அவர் பொறுமையாக நின்றார். அப்புறம் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் ஆபீஸ் வாசலுக்கு வர ஆரம்பித்தார். சாக்கு தீர்ந்த பிறகும் வந்தார்.

தாய் தகப்பன் இல்லாதவர். வளர்த்தது அந்தோணியம்மா என்கிற அத்தை. மீன் கூடை சுமந்து ஆளாக்கியவள். அந்த அத்தை கோயிலில் என் அம்மாவைப் பார்த்து, "பண்டிகை முடிஞ்ச ஞாயித்துக்கெழமை கேக்கு சாப்ட வரோம்" என்று சொல்லிவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இஞ்சி எசென்ஸ் வாங்க ஆள் அனுப்பினாள்.

"எம்மா, இஞ்சி வேணாம்."

"சட்டம்டி. திராச்ச போட்டா உங்கப்பா உத்தியோகம் பூடும்."

"அப்ப வாயால சரின்னு சொல்லிடு."

"நம்ம தெருவுல எவ வாயால சொன்னா? நல்லாக் கீதே நாயம்!"

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? ஒரு கையில் சட்டம், இன்னொரு கையில் சம்பிரதாயம். உண்மையில் அம்மாவுக்கு மீன் கூடைக்காரி வீட்டில் சம்பந்தம் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் சர்க்காரைத் துணைக்குக் கூப்பிட்டாள். அப்பாவோ, "உங்கம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்று பேப்பருக்குள் போய்விட்டார். நான் சூசையிடம் போய், எதை ஊற்றினாலும் எழுந்துவிடாதீர்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "என் பேச்சு எடுபடாதும்மா. ஏற்கெனவே ரெண்டு வூட்ல இஞ்சி ஊத்தி அனுப்பிட்டாங்க. இன்னொரு தபா இஞ்சியப் பாத்தா அத்த இந்தத் தெருப் பக்கமே கால் வைக்காது. அத்தைய வுட்டுட்டு நானும் வரமாட்டேன்." அவர் அப்படிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சரி, யார் மறித்தாலும் அந்த அத்தை கையில் சிவப்பாக ஒரு கிளாஸைக் கொடுத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

முதலில் பீட்ரூட்டைப் பிடித்தேன். அரைத்து, வேகவைத்து, சர்க்கரை கொட்டி வடிகட்டினேன். நிறம் அபாரம். வாயில் வைத்தால் தோட்டத்து மண். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "பொரியல் தண்ணிய எதுக்கும்மா கிளாஸ்ல ஊத்துற?" என்று பரிதாபமாகக் கேட்டார். நாவல்பழக் காலமோ எப்போதோ முடிந்துவிட்டது. விரல் பத்தும் சிவந்துபோய் ஆபீஸுக்குப் போனேன். மையைக் கொட்டிக்கொண்டாயா என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

என் நல்ல காலம், இரண்டு வீடு தள்ளி ஜைத்தூன் இருந்தாள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்து, குடித்தனம் எங்கள் தெருவிலேயே. அப்போதே இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. என் விரல்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாமே, ரத்தக்காட்டேரி கணக்கா கீற?"

கதையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். "போதை கீதுன்னுதானே போலீஸ் வருவான்? போதை இல்லாத திராச்ச குடு. நாங்க நோம்புக்குக் கறுப்பு திராச்சய ஊறப்போட்டு ஷர்பத்து பண்றோமே. ராவு ஊறிச்சின்னா காலைல ஷர்பத்து. அப்பிடியே நாள் கணக்கா வுட்டுட்டாத்தான் அது உங்க சமாச்சாரம்" என்றாள். மளிகைக் கடைக்கு ஆள் அனுப்பி உலர்ந்த கறுப்பு திராட்சையும் வரவழைத்துவிட்டாள். காசு கொடுக்கப் போனால், "போமே, கல்யாணத்துக்குக் கூப்புடு" என்று தள்ளிவிட்டாள். சனிக்கிழமை அவள் வீட்டிலேயே ஊறப்போட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிசைந்து, கிராம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டிச் சர்க்கரை கரைத்தோம். கறுஞ்சிவப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூஜாவை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வந்தால், அடுப்பங்கரையில் அம்மா. தட்டில் இஞ்சி ஒயின் கிளாஸ்கள் நிற்கின்றன. முன் அறையில் அவர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று.

"இன்னாடி அது?"

"திராச்ச. நேத்து ராவு ஊறப்போட்டது. மோந்து பாரு. எந்தப் போலீஸ் வேணாலும் வரட்டும், நானே ஒரு கிளாஸ் ஊத்தித் தரேன்."

அம்மா முகர்ந்து பார்த்தாள். சட்டம் கையை விட்டுப் போயிற்று. கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "மீன் நாத்தம் புடிச்ச வூடுடி அது."

"நாத்தம் எனக்குத்தானே? நான் பாத்துக்கிறேன்" என்றேன். அம்மாவின் இஞ்சித் தட்டை நான் தொடவில்லை. இன்னொரு தட்டை எடுத்து வேறு கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டு போனேன்.

அந்தோணியம்மா அத்தை நல்ல ஆகிருதி. காதில் பெரிய தோடு, வெற்றிலைச் சிவப்பு வாய். கிளாஸை வாங்கினாள், நிறத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. ஒரு வாய் குடித்தாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று. கிளாஸை முக்காலியில் வைத்தாள்.

"இது ஒயினு இல்லியே."

அப்பா, "சட்டம்... சர்க்கார்ல..." என்று இழுத்தார்.

"இஞ்சியும் இல்ல. ஏற்கெனவே ரெண்டு வூட்ல குடிச்சிட்டு எழுந்து போனவ நான். அதாச்சும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு இருந்திச்சு. இது இன்னா ரெண்டுங்கெட்டான்? இதுக்கு இன்னா அர்த்தம்?" என்றபடி தரையில் கையூன்றி எழுந்துகொள்ளப் பார்த்தாள். சூசை என்னையே பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் வாயைத் திறந்ததில்லை. நான் திறந்தேன்.

"சரின்னுதான் அர்த்தம் அத்தே. எனக்கு உங்க பையனப் புடிச்சிருக்கு. உக்காருங்க."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தெருவில் போன ஐஸ்காரன் நின்று எட்டிப் பார்த்தான். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்து, உடம்பு குலுங்கச் சிரித்தாள். "அடியாத்தே! பொண்ணே சொல்லிடிச்சே, இனிமே கிளாஸு இன்னாத்துக்கு? இன்னும் கொஞ்சம் ஊத்துடி என் ராசாத்தி" என்று கிளாஸை நீட்டினாள். ஊற்றும்போது பின்னால் புடவை சரசரத்தது. அம்மா கலகலாத் தட்டோடு வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சக்கரை கம்மியாக் கீதா பாருங்க சம்பந்தி" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனாலும் சம்பந்தி என்றுதான் சொன்னாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சூசை என் பக்கம் குனிந்து, "இன்னிக்கு நாக்கும் நனைஞ்சிடிச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சம்பிரதாயம் நிலைக்கவில்லை. அவளே சொல்லிவிட்டாளாம், நமக்கென்ன என்று மற்றப் பெண்களும் வாயைத் திறந்தார்கள். பெரியவர்கள் என்னைத் திட்டினார்கள். பிலோமினா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன வருசமே நீ இதப் பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். வருஷங்கள் ஓடின. பட்டணத்தை விட்டு டிராம் போயிற்று, தெருவில் பாதி வீடு கிடங்காகிவிட்டது. ஜைத்தூன் பிள்ளையோடு மாதவரம் பக்கம் போய்விட்டாள். ஒயின் இப்போது கடையில் கோட்டை, குதிரை என்று விதவிதமாக நிற்கிறது.

எங்கள் வீட்டுக்குள் மட்டும் அந்த வழக்கம் ஒளிந்துகொண்டு உயிரோடு இருந்தது. பண்டிகைச் சமயத்தில் எங்களுக்குள் சண்டை வந்தால் அவருக்கு இஞ்சிதான் ஊற்றுவேன். மனுஷர் ஒரு சொட்டு விடாமல் குடிப்பார், சட்டையை மாட்டிக்கொள்வார், "பண்டிகை வாழ்த்து அம்மணி" என்று கும்பிடு போட்டு எழுந்து வாசலில் போய் நிற்பார். நான் போய்க் கூப்பிடும்வரை அங்கேயே நிற்பார், மழையானாலும். பிள்ளைகளுக்கு அது ஏன் என்று கடைசிவரை தெரியாது. அவர் போய் மூன்றாவது கிறிஸ்துமஸ் இது.

மகனிடம் சிவப்பைத் திறக்கச் சொன்னேன். பழக்க தோஷம், ஒரு சட்டி இஞ்சி ஒயினும் போட்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினேன். காரம் அருமை என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.