பாதரசம் தொட்ட மோதிரம்

காலைக் காபி ஆறுவதற்குள் கமலா படியிறங்கி வந்தார். "இனிமே பேப்பர் வாங்க அவர் வரமாட்டார் மேடம்" என்றார். அவருடைய கணவர், மேல் வீட்டு சுந்தரமூர்த்தி காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. தினமும் என் ஆங்கிலச் செய்தித்தாளை இரவல் வாங்கி, எனக்கு முன்பே குறுக்கெழுத்தை நிரப்பித் திருப்பித் தருகிறவர் அவர்.

எங்கள் ஹப்சிகுடா பகுதியின் தமிழ்க் குடும்பங்களுக்கு அவருடைய வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த எல்லோருக்கும் அவரே விளக்கியிருப்பார். தங்கம் மற்ற தனிமங்களோடு எப்படிப் பிணைகிறது என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. "தங்கம் யாரோடயும் சேராதுன்னு நினைக்கிறீங்க. சும்மா! கந்தகத்தோட சேரும், பாஸ்பரஸோட சேரும். பாதரசத்தைக் கண்டா மானம் மரியாதை பார்க்காம ஒட்டிக்கும்" என்று தொடங்குவார். பாயசத்தைத் தியாகம் செய்துவிட்டு எழுந்துவிடுவது என் வழக்கம்.

அந்தப் பேச்சுதான் என் மகனின் கல்யாணத்தைக் காப்பாற்றியது. நிச்சயதார்த்தத்தன்று, என் அம்மா எனக்குப் போட்ட தங்க வளையலை மருமகளாக வரவிருந்த கீதாவின் கையில் பூட்டி, "இதைக் கழற்றவே கூடாது" என்றேன். அவள் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். சில நாள் கழித்து மெட்டுகுடாவிலிருந்து அவள் குடும்பமே வந்து நின்றது. வளையல் அலுமினியத் தட்டைப் போல வெளுத்திருந்தது.

"ஹவ், ஆமா மேடம், எங்க பக்கம் கவரிங்குக்கே ரெண்டு வருஷம் கேரண்டி உண்டு" என்றார் அவளுடைய சித்தப்பா.

என் வீட்டு வாசற்படியைக் கவரிங் மிதித்ததில்லை. "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று எழுந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் ஐம்பது பேரை அதட்டும் என் மகன், என்னிடம் ஒரு வார்த்தை பேசத் துணிவில்லாமல் கீதாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது செய்தித்தாளைத் திருப்பித்தர சுந்தரமூர்த்தி வந்தார். வளையலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஏம்மா, லேபிலே தெர்மாமீட்டர் உடைஞ்சுதா?"

கீதா அழுதுவிட்டாள். "ஆமா அங்கிள். பாதரசம் உருண்டு ஓடுச்சு, பேப்பரால அள்ளினேன்."

"வளையலைக் கழட்ட வேண்டியதுதானே?"

"அத்தே கழட்டக் கூடாதுன்னாங்களே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சித்தப்பா நம்பவில்லை. சுந்தரமூர்த்தி மாடிக்குப் போய் ஒரு சின்னக் குப்பியில் பாதரசத்தோடு வந்தார்; பின்னாலேயே கமலாவும் வந்தார். தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றினார்.

"ஏங்க, அது எங்கப்பா போட்டது!" என்று கமலா அலறினார்.

"உங்கப்பா போட்டதாலதான் நம்பிப் போடறேன்."

பாதரசம் பட்ட மோதிரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையானது. அவர் சித்தப்பாவிடம் திரும்பி, "இப்ப சொல்லுங்க, என் மாமனாரும் கவரிங்தான் போட்டாரா?" என்றார்.

"சொல்லித்தான் பாருங்களேன்" என்றார் கமலா.

சித்தப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் விறைப்பாகவே நின்றேன். "சீசியம்னு ஒண்ணு இருக்கு மேடம். அது தானா எலக்ட்ரானைக் கொடுத்தா, தங்கம்கூட கர்வத்தை விட்டுட்டு வாங்கிக்கும்" என்றார் சுந்தரமூர்த்தி. யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பை வாங்கிக்கொண்டேன்.

வளையலையும் மோதிரத்தையும் தன் பழைய ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் கழுவிக் கொண்டுவந்தார். இரண்டும் பளபளப்பை இழந்திருந்தன. வளையலுக்கு நான் மெருகு போட்டேன். அவர் மோதிரத்துக்குப் போடவில்லை. "எனக்கு இது நிரூபணம்" என்று கடைசிவரை மங்கலாகவே போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் காலமான அன்று மாடியில் அவர் விரலிலிருந்து அதைக் கழற்றிய ஓர் உறவினர், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "என்ன இது, கவரிங்கா?" என்றார். கமலா நிமிர்ந்து பார்த்தார்.

நான் எழுந்தேன். "தங்கம் யாரோடும் சேராது என்று நினைக்கிறீர்கள்" என்று தொடங்கினேன். கந்தகத்தைச் சொன்னேன், பாஸ்பரஸைச் சொன்னேன். பாதரசத்துக்கு வந்தபோது கீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சீசியம்வரை முழுதாகச் சொல்லி முடித்தேன். பாயசத்தையும் விட்டு நான் எழுந்து ஓடிய பகுதிகள்கூட எனக்கு நினைவிருந்தன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பேச்சுதான். இனிப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் எழ வேண்டும்.